வெனிஸ் நுழைவுக் கட்டணம்: யார் கட்ட வேண்டும், எதற்காக, கூட்டம் குறைந்ததா?

வெனிஸ் ஊருக்குள் கால் வைக்கவே டிக்கெட் வாங்க வேண்டும் என்ற செய்தி 2024 ஏப்ரலில் உலகம் முழுக்கப் பரவியது. அப்போதிலிருந்து இத்தாலிப் பயணத்துக்குத் திட்டமிடும் பலருக்கும் குழப்பம்தான். எல்லோரும் கட்ட வேண்டுமா, வருடம் முழுவதுமா, ஹோட்டலில் தங்கினாலுமா, கட்டாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்களா?

சுருக்கமாகச் சொன்னால், இது டிக்கெட் இல்லை, ஒரு வரி. வருடத்தில் சில நாட்களுக்கு மட்டும், பகலில் சில மணி நேரத்துக்கு மட்டும், அந்த ஊரில் இரவு தங்காதவர்களுக்கு மட்டும் பொருந்துகிற வரி. அதைக் கட்டாததற்காக யாரையும் வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்புவதில்லை. சோதனையில் பிடிபட்டால் அபராதம். இது ஏன் வந்தது, எதைச் சாதித்தது, எதைச் சாதிக்கவே முடியாது என்பதைப் புரிந்துகொள்ள ஊரின் அமைப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

ஊர் எப்படி அமைந்திருக்கிறது

ஆட்ரியாட்டிக் கடலுக்கும் நிலத்துக்கும் நடுவில் சுமார் 550 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள, ஆழம் குறைந்த ஒரு காயல் இருக்கிறது. அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு தீவுகளை நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள் இணைத்திருக்கின்றன. அந்தத் தொகுப்புதான் நாம் படங்களில் பார்க்கும் பழைய வெனிஸ். மொத்தப் பரப்பு எட்டு சதுர கிலோமீட்டர்கூட வராது. ரயில் பாலம் 1846-இலும் சாலைப் பாலம் 1933-இலும் வந்தன. சாலை பியாட்சாலே ரோமா என்ற சதுக்கத்தோடும், தண்டவாளம் சாந்தா லூச்சியா நிலையத்தோடும் முடிந்துவிடும். அதற்கு மேல் நடந்தோ படகிலோதான் போக வேண்டும்.

இங்கே மூன்று பகுதிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கட்டணக் குழப்பத்தில் பாதி இதில்தான் இருக்கிறது.

1. பழைய நகரம்: சான் மார்க்கோ சதுக்கம், ரியால்டோ பாலம், கிராண்ட் கால்வாய் எல்லாம் இங்கேதான். கட்டணம் இதற்கு மட்டும்.
2. காயலின் மற்ற தீவுகள்: கண்ணாடிக்குப் பேர்போன முரானோ, பின்னல் வேலைப்பாட்டுக்குப் பேர்போன புரானோ, கடற்கரை உள்ள லிடோ முதலியவை. இவற்றுக்குக் கட்டணம் இல்லை.
3. நிலப்பகுதி: மெஸ்த்ரே, மார்கெரா. இவையும் வெனிஸ் நகராட்சியைச் சேர்ந்தவைதான். நகராட்சியின் மக்களில் பெரும்பகுதியினர் வாழ்வது இங்கேதான். இதற்கும் கட்டணம் இல்லை.

அடுத்தது நெரிசல். எட்டு சதுர கிலோமீட்டரிலும் கூட்டம் சமமாகப் பரவினால் இவ்வளவு சிக்கல் வராது. ஆனால் ஒரே ஒரு பகல் மட்டும் கையில் இருக்கிற பயணிக்கு வழி ஒன்றுதான். ரயில் நிலையத்திலிருந்து லிஸ்டா தி ஸ்பான்யா, ஸ்ட்ராடா நோவா வழியாக ரியால்டோ; அங்கிருந்து மெர்ச்சேரியே கடைத்தெருக்கள் வழியாக சான் மார்க்கோ. பிறகு பழைய வெனிஸின் ஆட்சித் தலைவர் வாழ்ந்த டோஜே அரண்மனையைத் தாண்டி நீர்க்கரையில் இருக்கும் பொன்டே தெல்லா பாலியா என்ற கல்பாலம். அதன் மேல் நின்றால் அரண்மனையையும் பழைய சிறைச்சாலையையும் இணைக்கும் பெருமூச்சுப் பாலம் நேர் எதிரே தெரியும். வருகிறவர்கள் எல்லாம் அங்கே நின்று படம் எடுக்கிறார்கள். இருபது பேர் நின்றாலே பின்னால் வருகிற இருநூறு பேர் நின்றாக வேண்டும். கூட்டம் மிஞ்சுகிற நாட்களில் குறுகிய சந்துகளில் நடப்பவர்களுக்கே ஒருவழிப் பாதை போடுகிறார்கள். அதே நேரத்தில் ஊரின் வேறு மூலைகளில், உதாரணமாகக் கஸ்தெல்லோ பகுதியின் கிழக்குக் கோடியில், துணி காயும் சந்துகளில் ஆள் நடமாட்டமே குறைவாக இருக்கும். வெனிஸில் நெரிசல் என்பது எண்ணிக்கையால் மட்டும் வருவதில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே பாதையில் போவதால் வருகிறது.

பகலில் வந்து போகிறவர்கள் மேல் ஏன் குறி?

வெனிஸுக்கு ஆண்டுக்கு 2 கோடிக்கும் மேற்பட்டவர்கள் வருகிறார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அவர்களில் பெரும்பான்மையோர் இரவு தங்குவதில்லை. காலை பத்து, பத்தரைக்கு வந்து மாலை ஐந்து, ஆறுக்குத் திரும்பிவிடுகிறார்கள். நம் ஊரிலிருந்து போகும் ஐரோப்பா பேக்கேஜ் டூர்களும் பெரும்பாலும் இப்படித்தான்: பேருந்து த்ரொன்கெத்தோ தீவில் நிற்கும், அங்கிருந்து படகில் சான் மார்க்கோ, சில மணி நேரம், மறுபடி பேருந்து.

இத்தாலியில் பல ஊர்களில் தங்கும் வரி உண்டு. ஹோட்டலில் ஒவ்வொரு இரவுக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று அறை வாடகைக்கு மேல் வசூலிப்பார்கள். வெனிஸ் இதை 2011 முதல் வசூலித்து வருகிறது. ஆக, தங்குகிறவர் ஊர்ச் செலவில் ஒரு பங்கு கொடுக்கிறார். பகலில் வந்து போகிறவர், இந்தக் கட்டணம் வரும்வரை, எதுவும் கொடுத்ததில்லை. வெனிஸில் அந்தச் செலவு சாதாரணமானதல்ல. குப்பையை வீட்டு வாசலிலிருந்து கைவண்டியில் எடுத்து, கரையில் நிற்கும் படகில் கொட்டி, நீர்வழியே கொண்டுபோக வேண்டும். தீயணைப்பும் படகில்தான், ஆம்புலன்ஸும் படகில்தான். பகல் பயணிகள் விட்டுப்போகும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் பீட்சா அட்டைக்கும் இதே வழிதான். அந்தச் செலவில் அவர்களும் ஒரு பங்கு தரட்டும் என்பது நியாயமான வாதம் என்றே நினைக்கிறேன். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

சட்டம் வந்த கதை

இத்தாலியின் சிறு தீவுகளில் இறங்கு கட்டணம் முன்பிருந்தே உண்டு. காப்ரி போன்ற தீவுகளில் படகு நிறுவனமே டிக்கெட்டோடு சேர்த்து வசூலித்துவிடும். வெனிஸுக்கு அது சரிப்படவில்லை. ரயிலிலும் பேருந்திலும் வருகிறவர்களிடம், வேலைக்குப் போகிற உள்ளூர்க்காரர்களையும் பிரித்தறிந்து, யார் வசூலிப்பது?

2018 ஏப்ரல் இறுதியில் நகராட்சி முரட்டுத்தனமான ஒரு முயற்சி செய்தது. ரயில் நிலையப் பக்கமும் பியாட்சாலே ரோமா பக்கமும் கூட்டத்தைத் தடுக்கும் வாயில்களை நிறுத்தியது. வெனிஸ்வாசிகள் கொதித்துப் போனார்கள். போராட்டக்காரர்கள் அவற்றில் சிலவற்றைப் பிடுங்கியே போட்டார்கள். ஊரைக் கேளிக்கைப் பூங்காவாக்குகிறீர்கள் என்பதுதான் அவர்கள் குற்றச்சாட்டு. அதே ஆண்டு டிசம்பரில் நிறைவேறிய தேசிய பட்ஜெட் சட்டத்தில், வெனிஸ் நகராட்சி அதிகபட்சம் 10 யூரோ வரை வசூலிக்கலாம் என்ற அனுமதி வந்தது. கொரோனாவும் நிர்வாகச் சிக்கல்களும் சேர்ந்து அமலாக்கத்தைப் பலமுறை தள்ளிப்போட்டன.

கடைசியில் உந்தியது யுனெஸ்கோ. 2023-இல் வெனிஸை ஆபத்தில் உள்ள உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கும்படி அதன் நிபுணர்கள் பரிந்துரைத்தார்கள். அந்தச் செப்டம்பரில் ரியாத் கூட்டத்தில் முடிவெடுக்கச் சில நாட்களே இருந்தபோது, வெனிஸ் நகர்மன்றம் கட்டண விதிகளுக்கு ஒப்புதல் தந்தது. வெனிஸ் பட்டியலில் சேர்க்கப்படாமல் தப்பியது. கட்டணம் 2024 ஏப்ரல் 25 அன்று தொடங்கியது. அது புனித மாற்கு திருநாள். இத்தாலியின் விடுதலை நாளும் அதுவே.

விதிகள் என்ன சொல்கின்றன

1. நாட்கள்: 2024-இல் 29 நாட்கள். 2025-இல் ஏப்ரல் 18 முதல் ஜூலை 27 வரை, பெரும்பாலும் வெள்ளி, சனி, ஞாயிறும் விடுமுறைகளுமாக 54 நாட்கள். 2026-க்கு 60 நாட்கள் அறிவிக்கப்பட்டன. மீதி நாட்களில் கட்டணமே இல்லை.
2. நேரம்: காலை 8.30 முதல் மாலை 4 வரை. நான்கு மணிக்குப் பிறகு உள்ளே போகிறவருக்கு எதுவும் இல்லை.
3. தொகை: 2024-இல் 5 யூரோ. 2025 முதல், நான்கு நாட்களுக்கு முன்பே கட்டினால் 5 யூரோ, அதற்குப் பிறகு கட்டினால் 10 யூரோ.
4. முறை: நகராட்சியின் இணையதளத்தில் பதிவு செய்து கியூஆர் கோடு வாங்க வேண்டும். ரயில் நிலைய வாசல், பியாட்சாலே ரோமா போன்ற இடங்களில் ஊழியர்கள் ஆங்காங்கே சோதிப்பார்கள்.
5. அபராதம்: 50 முதல் 300 யூரோ வரை. அதன்மேல் கட்டணமும் சேரும்.
6. விலக்கு: வெனிஸ் நகராட்சி எல்லைக்குள் இரவு தங்குபவர்கள், வெனிஸ் அடங்கிய வெனெட்டோ மாநிலவாசிகள், 14 வயது நிரம்பாத குழந்தைகள், அங்கே வேலை செய்பவர்கள், படிப்பவர்கள், மாற்றுத்திறனாளிகளும் அவர்களுக்குத் துணையாக வருபவர்களும்.

நம்மவர்கள் தடுமாறுவது ஆறாவது விதியில். மெஸ்த்ரேயில் ஹோட்டல் எடுத்தால் விலக்கு உண்டு, ஏனென்றால் மெஸ்த்ரே வெனிஸ் நகராட்சிக்குள் இருக்கிறது. புனித அந்தோனியாரால் நமக்கெல்லாம் பெயர் தெரிந்த பதுவையில் தங்கி, ரயிலில் அரை மணி நேரத்தில் வந்தால் விலக்கு இல்லை. யேசொலோ கடற்கரை ஹோட்டலில் தங்கினாலும் இல்லை. பதுவையும் யேசொலோவும் வெனெட்டோ மாநிலத்தில்தானே இருக்கின்றன என்று கேட்கலாம். மாநில விலக்கு அங்கே குடியிருப்பவர்களுக்கு. ஹோட்டல் விருந்தினருக்கு அல்ல.

இன்னொன்றும் உண்டு. விலக்கு இருக்கிறது என்பதற்காகச் சும்மா போய்விடக் கூடாது. ஹோட்டலில் தங்குகிற சுற்றுலாப் பயணியும் அதே இணையதளத்தில் விலக்குக்கான கியூஆர் கோடு ஒன்றை இலவசமாக எடுத்துக் கையில் வைத்திருக்க வேண்டும். பணம் கட்டத் தேவையில்லாதவர்கூடப் பதிவு செய்ய வேண்டும் என்றால், இந்த ஏற்பாட்டின் நோக்கம் பணம் மட்டுமல்ல என்பது புரியும். எந்த நாளில் எத்தனை பேர் வரப்போகிறார்கள் என்ற கணக்கு நகராட்சிக்கு முன்கூட்டியே கிடைக்கிறது. நிபந்தனையில்லாமல் பயன் தரக்கூடிய பகுதி இது என்று சொல்வேன்.

கூட்டம் குறைந்ததா?

முதல் நாளான 2024 ஏப்ரல் 25-ஐ எடுத்துக்கொள்வோம். அன்றைக்குப் பதிவு செய்தவர்கள் சுமார் 1,13,000 பேர். பணம் கட்டியவர்கள் சுமார் 15,700 பேர்தான். மற்றவர்கள் தங்குபவர்கள், வேலைக்கு வருபவர்கள், மாணவர்கள், விலக்கு பெற்ற வேறு பலர். அதாவது ஏழு பேரில் ஒருவரைத்தான் இந்தக் கட்டணம் தொட்டது. அந்த ஒருவரில் சிலர் மனம் மாறி வராமல் போனாலும் ரியால்டோ பாலத்தில் நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

2024-இல் மொத்தம் சுமார் 4.85 லட்சம் பேர் கட்டினார்கள்; வசூல் ஏறத்தாழ 24 லட்சம் யூரோ. 2025-இல் சுமார் 7.2 லட்சம் பேர் கட்டினார்கள். வசூல் ஏறத்தாழ 54 லட்சம் யூரோ. இந்த எண்களை இரண்டு விதமாகப் படிக்கலாம்.

1. நாள் சராசரியைப் பார்த்தால் 2024-இல் கட்டியவர்கள் சுமார் 16,700 பேர், 2025-இல் சுமார் 13,000 பேர். குறைந்துவிட்டது என்று சொல்லத் தோன்றும். ஆனால் 2024-இல் மே முதல் வாரத்துக்குப் பிறகு சனி, ஞாயிறு மட்டும்தான் கட்டண நாட்கள். 2025-இல் வெள்ளிக்கிழமைகளும் சேர்ந்தன. வெள்ளிக்கிழமை இயல்பாகவே கூட்டம் குறைந்த நாள். அதைச் சேர்த்தாலே சராசரி தானாக இறங்கும். ஆகவே இதைக் கட்டணத்தின் வெற்றியாகக் கொள்ள முடியாது.
2. 2025 வசூலைக் கட்டியவர் எண்ணிக்கையால் வகுத்தால் ஆளுக்குச் சராசரியாக ஏழரை யூரோ வருகிறது. 5-க்கும் 10-க்கும் சரியாக நடுவில். அதாவது கிட்டத்தட்டப் பாதிப் பேர் கடைசி நேரத்தில் வந்து இரட்டிப்புத் தொகையைக் கட்டியிருக்கிறார்கள். விலை இரண்டு மடங்கானதும் அவர்களைத் தடுக்கவில்லை.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வெனிஸில் வாப்பொரெட்டோ எனப்படும் பயணிகள் படகில் 75 நிமிட டிக்கெட்டே 9.50 யூரோ. கோண்டோலாவில் அரை மணி நேரத்துக்கு நகராட்சி நிர்ணயித்த பகல் கட்டணம் 90 யூரோ. விமானச் செலவு, விசா, ரயில் டிக்கெட் எல்லாம் முடித்து வாசல் வரை வந்தவர் கிட்டத்தட்ட ஒரு படகு டிக்கெட் அளவே உள்ள தொகைக்காகத் திரும்பிப் போவாரா? நாளை மாற்றிக்கொள்ளவும் பலருக்கு வழியில்லை. டூர் கம்பெனி எந்த நாளில் கொண்டுபோகிறதோ அன்றைக்குத்தான் அவர் போக முடியும்.

அப்படியானால் எண்ணிக்கைக்கே வரம்பு வைத்தால் என்ன?

அருங்காட்சியகம் போல ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று நிறுத்திவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். இதற்குத் தடையாக இருப்பது இத்தாலிய அரசியலமைப்பின் 16-ஆம் பிரிவு. சுகாதாரம், பாதுகாப்புக் காரணங்களுக்காகச் சட்டம் விதிக்கும் பொதுவான கட்டுப்பாடுகள் தவிர, குடிமக்கள் நாட்டின் எந்தப் பகுதிக்கும் தடையின்றிப் போகலாம், வாழலாம் என்கிறது அது. அதற்கு மேல் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடையற்ற நடமாட்ட உரிமை. வெனிஸ் மக்கள் வாழும் ஊர், தெருக்கள் பொதுவழி. அதனால்தான் சட்டம் இதை வரி என்ற வடிவத்தில் மட்டும் அனுமதித்தது. எவ்வளவு பேர் பணம் கட்ட முன்வந்தாலும் அத்தனை பேருக்கும் கியூஆர் கோடு கிடைக்கும்.

வரம்பு வைக்க முடிகிற இடம் எப்படி இருக்கும் என்பதற்கு இத்தாலியிலேயே உதாரணம் உண்டு. சிங்க்வே தெர்ரே கடற்கரையில் ரியோமஜ்ஜோரேயையும் மனரோலாவையும் இணைக்கும் ‘காதல் பாதை’ பாறைச் சரிவால் 2012-இல் மூடப்பட்டு, 2024-இல் சுற்றுலாப் பயணிகளுக்கு மறுபடி திறந்தது. இப்போது டிக்கெட்டோடு நேரமும் முன்பதிவு செய்துதான் நடக்க முடியும். அது ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான, மலைச்சரிவை ஒட்டிய ஒற்றை நடைபாதை. நுழைய ஒரு பக்கம், வெளியேற ஒரு பக்கம் என்று நிர்வகிக்கலாம். ரயில், பேருந்து, படகு என்று நாலா பக்கமும் திறந்து கிடக்கும் ஓர் ஊரில் அது முடியாது.

கப்பல்களும் குழுக்களும்

கட்டணத்தை விடக் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் கொண்டுவந்தது வேறொரு விதி. 2019 ஜூன் 2 அன்று எம்எஸ்சி ஓபரா என்ற குரூஸ் கப்பல் ஜூதெக்கா கால்வாயில் கட்டுப்பாடிழந்து கரையிலும் ஒரு சுற்றுலாப் படகிலும் மோதியது. 2021 ஆகஸ்ட் 1 முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட, அல்லது 180 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பல்கள் சான் மார்க்கோ முன்பாகவும் ஜூதெக்கா கால்வாயிலும் போகத் தடை வந்தது. கப்பல்கள் மார்கெரா, ரவென்னா, த்ரியெஸ்தே துறைமுகங்களுக்கு நகர்ந்தன. அலையும் அதிர்வும் குறைந்தது பெரிய நன்மைதான். பயணிகளில் பலர் அங்கிருந்து பேருந்தில் வெனிஸுக்கே வருகிறார்கள் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

2024-இல் வழிகாட்டியோடு வரும் குழுவில் 25 பேருக்கு மேல் கூடாது, ஒலிபெருக்கி கூடாது என்ற விதியும் வந்தது. சிறிய விதிதான், ஆனால் சந்து அடைபடுவதை நேரடியாகக் குறி வைக்கிறது.

கட்டணம் தொடாத பிரச்சினை: வீடு

ரியால்டோ அருகே சான் பர்த்தொலோமியோ சதுக்கத்தில் மொரெல்லி மருந்துக் கடையின் கண்ணாடி ஜன்னலில் 2008 முதல் ஒரு மின்னணுப் பலகை இருக்கிறது. அதில் ஓடுவது மருந்து விலையோ விளம்பரமோ அல்ல. பழைய நகரில் இன்று எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்ற எண். பலகையை வைத்தபோது அது சுமார் 60,000. 1951-இல் அங்கே சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022-இல் அது 50,000-க்குக் கீழே இறங்கியது. 2023-இல் சுற்றுலாப் பயணிகளுக்கான படுக்கைகளின் எண்ணிக்கை குடியிருப்பவர்களின் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது என்று, இதைக் கணக்கிட்டுவரும் உள்ளூர்க் குடிமக்கள் குழு அறிவித்தது.

இந்தச் சரிவுக்குப் பகல் பயணி மட்டும் காரணமல்ல. ஆறு மணிக்குக் கிளம்பிப் போகிறவர் யாருடைய வீட்டையும் எடுத்துக்கொள்வதில்லை. ஒரு குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விடுவதை விட, பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் வீட்டுக்காரருக்குப் பல மடங்கு கிடைக்கிறது. வீடுகள் அப்படி ஒவ்வொன்றாகக் கைமாறும்போது மளிகைக் கடை மூடுகிறது, அந்த இடத்தில் முகமூடியும் காந்தப் படமும் விற்கும் கடை வருகிறது. பள்ளியில் பிள்ளைகள் குறைகிறார்கள். மிச்சமிருக்கிற குடும்பமும் மெஸ்த்ரேக்குப் போகிறது.

கட்டணத்தின் தர்க்கமே இங்கே சறுக்குகிறது. தங்குகிறவருக்கு விலக்கு, தங்காதவருக்கு வரி என்றால், விதி சொல்வது ‘தங்குங்கள்’ என்பதைத்தான். ஹோட்டலில் தங்கினால் அது நல்லதே. பயணியின் பணம் ஊருக்குள் செலவாகும், காலையும் இரவும் கூட்டமில்லாத வெனிஸ் அவருக்கும் கிடைக்கும். ஆனால் அந்தப் படுக்கை நேற்றுவரை ஒரு குடும்பம் வாழ்ந்த வீட்டில் போடப்பட்டிருந்தால், கட்டணம் காப்பாற்ற வேண்டிய ஊரையே அது கரைக்கிறது. குறுகிய கால வாடகைக்கு ஆண்டில் 120 நாள் என்ற வரம்பைக் கொண்டுவரும் அதிகாரத்தை இத்தாலிய நாடாளுமன்றம் 2022-இலேயே வெனிஸ் நகராட்சிக்குத் தனியாகக் கொடுத்தது. 2024 ஏப்ரலில் நுழைவுக் கட்டணம் அமலுக்கு வந்தபோதுகூட நகராட்சி அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தியிருக்கவில்லை. இரண்டில் எது கடினமோ, எது வாக்காளர்களான வீட்டு உரிமையாளர்களைத் தொடுமோ, அது தள்ளிப்போயிற்று.

திட்டமிடுகிறவருக்கு இதனால் என்ன?

1. பயணத் தேதி கட்டண நாளா என்று நகராட்சி இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். ஆகஸ்ட் முதல் அடுத்த மார்ச் வரை இதுவரை கட்டணம் இருந்ததில்லை. நவம்பர், பிப்ரவரித் தொடக்கம் போன்ற காலங்களில் குளிரும் மூடுபனியும் இருக்கும், தெருவில் நடக்க இடமும் இருக்கும்.
2. பேக்கேஜ் டூர் என்றால் கட்டணம் தொகைக்குள் அடங்கியதா, கியூஆர் கோடு எடுப்பது யார் பொறுப்பு என்று கிளம்பும் முன்பே எழுத்தில் கேட்டு வையுங்கள். ஹோட்டல் பதுவையிலா மெஸ்த்ரேயிலா என்பதையும் கேளுங்கள்.
3. ஒரே பகல்தான் இருக்கிறதென்றால் நிலையத்திலிருந்து ரியால்டோ பக்கம் போகாமல் தெற்கே தோர்சொதூரோ வழியாக நடந்து, அக்கதெமியா பாலம் தாண்டி சான் மார்க்கோ போகலாம். தூரம் ஏறத்தாழ அதேதான், நெரிசல் குறைவு.
4. தங்குவதென்றால், ஹோட்டலோ வீடோ, தேசியப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 தொடக்கத்திலிருந்து இத்தாலியில் குறுகிய கால வாடகை வீடுகள் ஒவ்வொன்றும் சின் (CIN) எனப்படும் அந்த எண்ணை விளம்பரத்திலும் வாசலிலும் காட்டியாக வேண்டும். எண் இல்லாத வீடு கணக்கில் வராத வீடு. அங்கே தங்கினால் தங்கும் வரி நகராட்சிக்குப் போய்ச் சேருமா என்பதும் சந்தேகம், உங்கள் கட்டண விலக்கும் செல்லுமா என்பதும் சந்தேகம்.